தலையணை உறையும் மயில்துத்தமும்

ஜூன் 4, புதன்

மாலையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். எங்கள் பொன்வேல் நகரின் நடுவில் ஒரு பூங்கா, பூங்காவின் நடுவில் ஒரு குளம். குளம் என்பது மரியாதைக்கு. உட்புறமெல்லாம் வெள்ளை டைல்ஸ் ஒட்டிய, பூப்பந்து மைதானம் அளவுள்ள தொட்டி அது. பொள்ளாச்சியில் மனை விற்கிறவன் முதலில் ஒரு தொட்டியைக் கட்டிவிட்டு 'ஏரி முகப்பு' என்று விளம்பரம் கொடுக்கிறான். எங்கள் நகர்ப் பெண்கள் சனிக்கிழமைதோறும் மீனுக்குப் பொரி போட்டுப் புண்ணியம் சேர்த்ததில், தண்ணீர் பாசி பிடித்துப் பச்சைப் பெயின்ட் போல ஆகிவிட்டது.

சங்கத் தலைவர் வெள்ளிங்கிரி எழுந்தான். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். இப்போது உரக்கடை முதலாளி. நேரில் 'தலைவரே' என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருப்பதால் இங்கே 'அவன்' என்றே எழுதுவேன்.

"சுதந்திர தினத்துக்கு சப்-கலெக்டர் கொடியேத்த வர்றாருங்க. அதுக்குள்ள நம்ம குளத்துல ஒரு ரூவாக் காசு போட்டா, அடியில தலையா பூவான்னு மேல இருந்தே தெரியோணும். மயில்துத்தம் போட்டாப் பாசி ஒரே வாரத்துல செத்துரும். என்ற கடையிலிருந்தே சும்மா குடுக்கறேன்."

கைதட்டல். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. அளவு தவறினால் பாசிக்கு முன்னால் மீன் போய்விடும். இதைச் சொல்ல நான் எழுந்தேன்.

"சார், கிளாஸ் எடுத்துராதீங்க. பெல் அடிச்சுருச்சு," என்றான்.

சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். இனி இந்தக் குளத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஜூன் 5, வியாழன்

பேசுவதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதில்லை என்று சொல்லவில்லை.

பொங்கல் விழாவில் இதே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம தெய்வசிகாமணி சாரு வருசக்கணக்கா பழுப்புத் தண்ணிய ஆராய்ச்சி பண்ணி, கடைசீல அது பழுப்புன்னு கண்டுபிடிச்சு டாக்டர் பட்டம் வாங்கினாரு," என்றான். நகரமே சிரித்தது. தேங்காய் நாரும் இலையும் ஊறிய தண்ணீர் உலோகங்களை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பது என் ஆய்வு. அதை வைத்துக்கொண்டு கல்லூரியில் துறைத்தலைவர் ஆகியிருக்க வேண்டியவன் நான். என்னிடம் படித்தவன் ஆனான். நான் விருப்ப ஓய்வில் வந்துவிட்டேன். விருப்பம் யாருடையது என்பது வேறு விஷயம்.

முன் வரிசையில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தவர்களில் என் மனைவி அமராவதியும் ஒருத்தி. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அவள் இப்போது ஈரோட்டில் தங்கை வீட்டில் இருக்கிறாள். வெயில் தாங்கவில்லை என்று போயிருக்கிறாள். ஈரோட்டில் பொள்ளாச்சியைவிட வெயில் குறைவு என்று இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஜூன் 7, சனி

பல் துலக்கும்போது யோசனை வந்தது. நல்ல யோசனைகள் எனக்குப் பல் துலக்கும்போதுதான் வரும். கல்லூரியில் யாரும் அந்த நேரத்தில் என்னைக் கேட்டதில்லை.

செம்பு தண்ணீரில் கைவீசித் தனியாகத் திரிந்தால்தான் ஆபத்து. பாசியைக் கொல்லும், மீனின் செவுளையும் அரிக்கும். ஆனால் மட்கிய இலையிலிருந்தும் நாரிலிருந்தும் இறங்குகிற பழுப்புச் சாறு வெறும் நிறம் அல்ல. அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் பல கைகள். செம்பைக் கண்டதும் பிடித்து உட்காரவைத்து இலை போட்டுவிடும். முறைத்துக்கொண்டு வந்த சம்பந்தியைப் பந்தியில் உட்காரவைப்பது போலத்தான். கண்ணெதிரே இருப்பார், ஆனால் வாய் நிறையச் சோறு இருக்கும்போது யாரோடு சண்டை போடுவார்? வெள்ளிங்கிரி எத்தனை மூட்டை மயில்துத்தம் போட்டாலும் பாசி அசையாது. அவன் விழிப்பான்.

மொட்டை மாடிக்குப் போனேன். அமராவதியின் தோட்டத்துக்கு வாங்கிய தேங்காய் நார்த்தூள் இரண்டு சாக்கு இருந்தது. பொள்ளாச்சியில் மண்ணைவிட இதுதான் மலிவு. கட்டிப் போடப் பை வேண்டும். கட்டிலில் அவள் பக்கத்துத் தலையணைக்குக் கிளி பூவேலை செய்த உறை இருந்தது. இப்போது அதற்கு அங்கே வேலையில்லை. நார்த்தூளைத் திணித்து, தேயிலைப் பை போல வாயைக் கட்டி, காலை நடைக்குப் போகிறவனைப் போலப் போய், தாமரை மூலையில் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு வந்தேன். கூடவே ஊறவைத்த கரைசல் நான்கு வாளி. நிறம் அசல் கருப்பட்டிக் காபி.

இது மீனுக்காக அல்ல என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெள்ளிங்கிரி நீலக்கற்களைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் விட்டு, குளத்தைச் சுற்றித் தேர் இழுப்பதுபோல இழுத்தான். நகரமே வேடிக்கை பார்த்தது. நானும் கைகட்டிப் பார்த்தேன்.

"என்ன மணி, சத்தமே இல்ல?" என்றான்.

"தலைவர் செஞ்சா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் அவனைப் பாராட்டி முப்பது வருடம் இருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

பாசி நலம்.

ஜூன் 18, புதன்

அமராவதி போனில் பேசினாள். என் சர்க்கரை, இரத்த அழுத்தம் எதையும் கேட்கவில்லை.

"கலெக்டரு நல்லா இருக்காருங்களா?"

கலெக்டர் என்பது குளத்திலிருக்கும் கிழட்டுக் கட்லா மீன். பெரிய தலை. பொரி போட்டதும் சின்ன மீன்கள் முண்டியடிக்கும். இது மெதுவாக வரும், எல்லாம் ஒதுங்கி வழிவிடும். அதனால் அவள் வைத்த பெயர். சனிக்கிழமை பொரியோடு போனால் வீட்டுக் கதை முழுவதையும் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வருவாள்.

"இருக்கும்," என்றேன்.

"மருந்து போட்டாங்களாமே. மயிலாக்கா சொன்னாங்க. பார்த்துக்குங்க."

"எனக்கென்ன மீன்துறையில வேலையா?"

வைத்துவிட்டாள். மயிலாக்கா என்பது வெள்ளிங்கிரியின் மனைவி மயிலாத்தாள். ஈரோட்டுக்குச் செய்தி போகிற வழி தெரிந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று மயில்துத்தம் இரண்டு மடங்கு. நேற்றே புது நார்த்தூள் போட்டு வைத்திருந்தேன். தேர் மறுபடி சுற்றியது. வெள்ளிங்கிரி தன் மொத்த வியாபாரியை எல்லோர் முன்னிலையிலும் போனில் பிடித்தான்.

"ஏனுங்க பாலதண்டபாணி, துத்தம்னு சொல்லி எனக்கு என்னத்தைய அனுப்புறீங்க? பாசி செத்துரும்னு பார்த்தா, நல்லாத் தின்னுட்டுக் கொழுத்துக் கிடக்குது. டூப்ளிகேட் சரக்கை என்ற தலையில கட்டிப்போட்டீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவன் முகம் சிவந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு நெய் ஊற்றிக்கொண்டேன். மருத்துவர் கூடாது என்றிருக்கிறார்.

ஜூலை 5, சனி

மூன்றாவது தடவை. இம்முறை எவ்வளவு போட்டான் என்று அவனுக்கே கணக்கில்லை. பிறகு செம்பு பார்க்கும் காகிதப் பட்டையைக் குளத்தில் நனைத்துப் பார்த்தான். நிறம் ஏறவில்லை. பிடிபட்ட செம்பு அந்தப் பட்டைக்குப் பெரும்பாலும் தெரியாது.

"போட்டது எங்கடா போச்சு?" என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்டான். தண்ணீர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. மாணவர்கள் இவ்வளவு விசுவாசமாக இருந்ததில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வாளியில் கரைசல் மீந்துவிட்டது. எங்காவது கொட்டத்தானே வேண்டும். மாடித் தொட்டிகளில் கொட்டினேன். கத்தரிச் செடி வாடிக் கிடந்தது, அதற்கு இரண்டு முறை. மிளகாய்க்குக் குச்சி நட்டுக் கட்டினேன். சாய்ந்து கிடந்தால் நடக்க இடைஞ்சல்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் மீந்தது.

ஜூலை 19, சனி

சாரல். ஒரு வாரமாக மேகம். குளத்தில் எதிர்பாராத ஒன்று நடந்திருக்கிறது. எதிர்பார்த்திருக்க வேண்டியது நான்தான். தண்ணீர் பழுப்பேறப் பழுப்பேற வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை. வெளிச்சம் இல்லாமல் பாசி பட்டினி கிடந்து மெலிந்துவிட்டது. பச்சை போய், குளம் தெளிந்த கடுங்காப்பி போல நிற்கிறது.

வெள்ளிங்கிரி வாட்ஸ்அப் குழுவில், "மயில்துத்தம் வென்றது" என்று படம் போட்டிருக்கிறான். நாற்பது பேர் கைகூப்பியிருக்கிறார்கள். அவனைக் கவிழ்க்க நான் தோண்டிய குழியில் அவன் நீச்சல் அடிக்கிறான்.

ஜூலை 20, ஞாயிறு

தலையணை உறை மிதந்துவிட்டது. கட்டு அவிழ்ந்திருக்க வேண்டும். விடிந்ததும் நான் போவதற்குள் மயிலாத்தாள் அதை ஒரு குச்சியால் கரைக்கு இழுத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இந்தக் கிளிக்கு அமராவதி ஒரு மாசம் நூல் கோத்தாளே. இது எப்படிங்க குளத்துக்கு வந்துச்சு?"

"காத்துல பறந்திருக்கும்."

"நார்த்தூளோடயா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கையில் கடிகாரம் இல்லை.

சாயங்காலம் உறை துவைத்து மடிக்கப்பட்டு எங்கள் மதில்மேல் இருந்தது. இரண்டு கிளியும் பழுப்பு. மயிலாத்தாள் கணவனிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. ஈரோட்டுக்குச் சொன்னது தெரியும். ஏழு மணிக்கே அமராவதி கூப்பிட்டாள். "இன்னொரு உறை பீரோவுல கீழ்த் தட்டுல இருக்குதுங்க. மயில் போட்டது," என்றாள்.

எதற்குச் சொன்னாள் என்று விளங்கவில்லை. நல்ல கெட்டித் துணி. மூட்டை கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விழாவுக்கு முன் கடைசிக் கூட்டம்.

"பச்சை போயிருச்சு. இனி இந்தக் காப்பிக் கலருதான் மிச்சம்," என்றான் வெள்ளிங்கிரி. "டைல்ஸ் எல்லாம் கறை புடிச்சுக் கக்கூஸ் மாதிரி இருக்குது. அதுக்கு என்ன ஊத்துவோம்? ஆசிட்டுதான. புதன்கிழமை கேன் கேனா எறக்கறேன். சுவத்தையும் தேய்ச்சு, தண்ணியிலயும் ஊத்தி விட்டோம்னா, பதினஞ்சாந்தேதி சப்-கலெக்டரு மூஞ்சி அதுல தெரியும்."

கைதட்டல். குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவிப் பழகிய கைகள் எல்லாம் தட்டின.

நான் தட்டவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நிதானமாக எழுதுகிறேன்.

பழுப்புச் சாறு செம்பைப் பிடித்து வைத்திருக்கிறது. சாகும்வரை பிடிப்பதாக அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆசிட் பட்டால் கைகளை விரித்துவிடும். பந்தியில் உட்கார்ந்திருந்த சம்பந்திகள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள். பாசி சாகாததால் வெள்ளிங்கிரி திரும்பத் திரும்பப் போட்ட செம்பு அத்தனையும் இப்போது அந்தத் தொட்டியில் இருக்கிறது. பாசி ஏன் சாகவில்லை என்பது எனக்குத் தெரியும். நம் ஊர்த் தண்ணீரின் கடினத்தன்மை முதல் சில கேன் ஆசிட்டைத் தாங்கும். அதற்குப் பிறகு தாங்காது. வியாழக்கிழமை விடியும்போது ஒரு மீன் மிச்சமிருக்காது. சப்-கலெக்டர் கொடியேற்ற வரும்போது கலெக்டர் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதப்பார்.

வெள்ளிங்கிரி அதன் பிறகு மைக்கைத் தொடமாட்டான். இந்த நகரில் தலைநிமிர்ந்து நடக்கமாட்டான். இதற்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். முப்பது வருடத்தில் இவ்வளவு சுலபமான வேலை எனக்கு வாய்த்ததில்லை.

மாலையில் டைல்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கப் போனேன். சட்டைப்பையில் பொரி இருந்தது. கட்லா மெதுவாக வந்தது, வாயைத் திறந்தது. அதற்கு என்மேல் மரியாதை ஒன்றும் இல்லை, பொரிக்காக வருகிறது. அமராவதிதான் அதனிடம் பேசுவாள், நான் பேசவில்லை. பேசினேன் என்று மயிலாத்தாள் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உரக்கடைக்குப் போனேன். வெள்ளிங்கிரி டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தான். பின்னால் ஆசிட் கேன்கள் வரிசையாக நின்றன.

மேஜைமேல் இரண்டு டம்ளர் குளத்துத் தண்ணீரை வைத்தேன். "உன் பட்டையை எடு," என்றேன்.

"காலங்காத்தால கிளாஸா?"

"எடு."

ஒன்றில் நனைத்தான். வெள்ளை. "அதான் எனக்குத் தெரியுமே. போட்டது எங்க போச்சுன்னே தெரியல."

"இன்னொண்ணுல உன் ஆசிட் ஒரு சொட்டு விடு. கலக்கு. இப்ப நனை."

நனைத்தான். பட்டை ஊதாவாக மாறியது. வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"அப்ப என்ற துத்தம் டூப்ளிகேட் இல்லியா?"

"சுத்தமான அசல். எல்லாம் குளத்துலயேதான் இருக்கு. ஆசிட் ஊத்தினா இதே மாதிரி அவுந்துக்கும். ஒரு மீன் தேறாது."

"அய்யோ, பாலதண்டபாணிய நான் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டனே." பன் டீயில் விழுந்து மூழ்கியது. அவன் கவனிக்கவில்லை. "இத்தன நாளு அதைப் புடிச்சு வெச்சிருந்தது யாரு?"

"பழுப்புத் தண்ணி."

"தண்ணி எப்படிப் பழுப்பாச்சு?"

கேன்களை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மயிலா சொன்னா," என்றான் மெதுவாக. "கிளி போட்ட தலகாணி உறை, அமராவதி கைவேலைன்னு. நானு நம்புல. மணி அத்தன காலைல எந்திரிக்கிற ஆளே இல்ல, விடுதியில அவனுக்கு நான்தான் டிபன் எடுத்து வெப்பேன்னு சொன்னேன்."

எடுத்து வைப்பான். அது உண்மை. அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"ஏண்டா மணி, வாயத் தொறக்காம இருந்திருந்தா வெள்ளிக்கெழம என்ற மானம் அந்தக் குளத்துல மெதந்திருக்குமே. எதுக்கு வந்து சொன்ன?"

"ஆசிட் பட்டா டைல்ஸ் இணைப்பெல்லாம் அரிச்சுரும்," என்றேன்.

"டைல்ஸுக்காக வந்தியா?"

"ஆமா."

அவன் ஸ்பூனால் பன்னைத் தேடத் தொடங்கினான். "சரி, இப்ப என்ன பண்ணோணும்? கிளாஸ் எடு."

எடுத்தேன். ஆசிட் கூடாது. செம்பு ஏறிய நார்த்தூள் மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டுப் புதிது போடவேண்டும். தண்ணீரைத் தினம் கொஞ்சமாக இறைத்துத் தென்னைக்கு விட்டு, நல்ல தண்ணீர் சேர்க்க வேண்டும். சனிக்கிழமைப் பொரி ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கூடாது. அவன் பில் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டான். நான் வகுப்பெடுத்து ஒருவன் குறிப்பெடுப்பதைப் பார்த்து நாளாகிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்தது. சப்-கலெக்டர் சின்ன வயதுப் பெண். ('வர்றாரு' என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் வெள்ளிங்கிரி.) குளத்தருகே நின்று, "தண்ணி ஏன் இந்தக் கலர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"மூலிகைக் குளமுங்க மேடம்," என்றான், கண்ணை இமைக்காமல். "நாங்க ஆராய்ச்சி பண்ணி இப்படி வெச்சிருக்கறோம்."

'நாங்க'. இதைக் குறித்துக்கொள்கிறேன்.

பிறகு மைக்கைப் பிடித்தான். "நம்ம தெய்வசிகாமணி சாரைப் பத்தி ஒரு தடவ இங்கயே சொன்னேன், பழுப்புத் தண்ணிய ஆராய்ச்சி பண்ணி அது பழுப்புன்னு கண்டுபிடிச்சவருன்னு. இப்ப மாத்திச் சொல்றேன். பழுப்பே இல்லாத ஊருக்குப் பழுப்பைக் கொண்டுவந்தவரு. அதுக்காக ஊட்டுக்காரம்மா தலகாணி உறையவே காவு குடுத்தவரு. இன்னையிலிருந்து குளத்துக்கு அவருதான் ஆயுள் கால அதிகாரி. தெனம் காலைல அஞ்சு மணிக்கு டூட்டி."

நகரமே சிரித்தது. முன் வரிசையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மயிலாத்தாள் பக்கத்தில், ஈரோட்டிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு அமராவதி உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு வாயில். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவள் பார்த்தாள். இந்த முறை தலைப்பை எடுத்துவிட்டே சிரித்தாள்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. நிற்கவேயில்லை, கண்ணில் நீர் வருமளவு. சாரல் காற்றுக்கு இப்படித்தான் வரும்.

ஆகஸ்ட் 16, சனி

அமராவதி மாடிக்குப் போய்விட்டு வந்தாள்.

"செடிக்கெல்லாம் யாருங்க தண்ணி ஊத்துனது?"

"மீந்ததைக் கொட்டினேன்."

"மிளகாய்க்குக் குச்சி கூட மீந்துச்சுங்களா?"

பழுப்புக் கிளி உறையைத் தன் தலையணைக்கே போட்டிருக்கிறாள். துவைத்தாலும் இனி வெளுக்காது என்கிறாள். உண்மைதான், அந்தச் சாறு துணியையும் பிடிக்கும்.

வெள்ளிங்கிரி பேரில் இப்போது மேடைச் சிரிப்பு இரண்டு, 'நாங்க' ஒன்று. எதையும் மறப்பதாக இல்லை.

நாளைக் காலை புது மூட்டை போடவேண்டும். அவளும் கூட வருகிறாளாம். மீனுக்காகத்தானாம்.